மேகம் மறைத்த வெள்ளி: புதுச்சேரியில் தவறிப்போன ஒரு காலைப்பொழுது

1769-ம் ஆண்டு ஜூன் 3-ம் தேதி, சனிக்கிழமை இரவு. புதுச்சேரி வானம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. ஆங்கிலேயர் இடித்துத் தள்ளிய கோட்டையின் இடிபாடுகளுக்கு மேல் எழுப்பியிருந்த சிறிய வான் நோக்குக்கூடத்தில், பிரெஞ்சு ஆளுநர் லா தெ லோரிஸ்தோனும் அவருடைய விருந்தாளியும் வியாழனின் நிலவுகளைத் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விருந்தாளியின் பெயர் கியோம் லெ ஜான்தி. வயது 43. பிரான்ஸ் நாட்டு வானியலாளர். ஊரைவிட்டுக் கிளம்பி ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

மே மாதம் முழுக்கக் காலை நேரத்தில் ஒரு பிசிறு மேகம்கூட இல்லை. மறுநாளும் அப்படியே இருந்தால் போதும். கிழக்கே கடலிலிருந்து எழும் சூரியன்மேல் ஒரு கறுப்புப் பொட்டு தெரியும். அந்தப் பொட்டு சூரியனின் விளிம்பைத் தாண்டி வெளியேறும் நேரத்தை நொடி பிசகாமல் குறித்துவிட்டால், அவர் வந்த வேலை முடிந்தது.

அந்தப் பொட்டுதான் வெள்ளி. நம் ஊர் வழக்கில் சுக்கிரன்.

லெ ஜான்தி அதிகாலை இரண்டு மணிக்கு எழுந்து வெளியே வந்து பார்த்தார். வானம் முழுக்க மேகம்.

ஒரு கறுப்புப் பொட்டுக்காக ஒரு மனிதர் ஏன் ஒன்பது ஆண்டுகள் அலைந்தார் என்பது புரிய வேண்டுமானால், அன்றைய மனிதர்களுக்கு வானத்தைப் பற்றி என்ன தெரியும், என்ன தெரியாது என்று பார்க்க வேண்டும்.

எப்போது தெரியும், எவ்வளவு தூரம் தெரியாது

வானத்தில் எது எப்போது நடக்கும் என்ற கேள்விக்கு மனிதர்கள் வெகு காலம் முன்பே விடை கண்டுவிட்டார்கள். விதைப்புக்கும் விழாவுக்கும் கடல் பயணத்துக்கும் அது தேவைப்பட்டது. வெள்ளி எந்த நாளில் மறைகிறது, எந்த நாளில் மீண்டும் தெரிகிறது என்று பாபிலோனியர்கள் களிமண் பலகைகளில் பதிந்து வைத்தார்கள். அமாவாசை, பௌர்ணமி, கிரகணம் எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லும் கணக்குகள் கிரேக்கத்திலும் இந்தியாவிலும் சீனத்திலும் இருந்தன.

ஆனால், அவையெல்லாம் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன? இந்தக் கேள்விக்கு முன்னால் எல்லோரும் தடுமாறினார்கள். கி.மு. 3-ம் நூற்றாண்டில் கிரேக்கத்தின் அரிஸ்டார்கஸ், சந்திரனைவிடச் சூரியன் 18 முதல் 20 மடங்கு தொலைவில் இருப்பதாகக் கணித்தார். உண்மையில் அது ஏறத்தாழ 390 மடங்கு. அவருக்குப் பின் வந்த தாலமியின் கணக்குப்படி, சூரியன் பூமியின் ஆரத்தைப்போல 1,210 மடங்கு தொலைவில் இருந்தது. அதாவது, 77 லட்சம் கிலோமீட்டர். சரியான அளவில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கே உள்ள இந்தத் தொலைவைத்தான் உலகம் 1,500 ஆண்டுகளாகப் பெரிய மாற்றமின்றி நம்பிக்கொண்டிருந்தது. தாலமி மேல் குற்றம் சொல்ல முடியாது. வெறும் கண்ணால் அளக்கக்கூடிய சங்கதி இல்லை அது.

17-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கெப்ளர் வந்து பாதி முடிச்சை அவிழ்த்தார். ஒரு கிரகம் சூரியனைச் சுற்றிவர எடுத்துக்கொள்ளும் காலம் தெரிந்தால், அதன் தொலைவைப் பூமியின் தொலைவோடு ஒப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று அவர் விதி வகுத்தார். பூமியின் தொலைவு 100 என்றால், வெள்ளியின் தொலைவு 72. வியாழன் 520.

இது வீட்டு பிளான் மாதிரி. படுக்கையறையைப்போல ஹால் ஒன்றரை மடங்கு, சமையலறை பாதி என்று படத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால், எத்தனை அடி என்று எங்கேயும் எழுதவில்லை. ஒரே ஒரு சுவரின் நீளம் தெரிந்துவிட்டால் போதும், வீடு முழுக்க அளந்ததாகிவிடும். சூரியக் குடும்பத்தில் அந்த ஒரு சுவர், பூமிக்கும் சூரியனுக்கும் இடையே உள்ள தூரம்.

கட்டைவிரலும் கறுப்புப் பொட்டும்

கையை முன்னால் நீட்டிக் கட்டைவிரலை உயர்த்துங்கள். இடது கண்ணை மூடி வலது கண்ணால் பாருங்கள். பிறகு வலதை மூடி இடதைத் திறங்கள். விரல் அசையவில்லை. ஆனாலும், பின்னால் இருக்கும் சுவரில் அது இடம் மாறியதுபோல் தெரியும். விரலை முகத்துக்கு அருகே கொண்டுவந்தால் இன்னும் அதிகமாகத் தாவும். பள்ளிப் பாடத்தில் ‘இடமாறு தோற்றம்’ என்று படித்தது இதுதான். இரண்டு கண்களுக்கு இடையே உள்ள தூரமும் விரல் தாவிய அளவும் தெரிந்தால், விரல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்குப் போட்டுவிடலாம்.

இப்போது விரலுக்குப் பதில் வெள்ளி. சுவருக்குப் பதில் சூரியன். இரண்டு கண்களுக்குப் பதில் பூமியின் இரண்டு மூலைகளில் நிற்கும் இரண்டு மனிதர்கள்.

பூமிக்கும் சூரியனுக்கும் நேர் நடுவே வெள்ளி வரும்போது, சூரியத் தட்டின் குறுக்கே அது கறுப்புப் பொட்டாக நகர்ந்து போகும். இதை வெள்ளிக் கடப்பு என்கிறார்கள். வடக்கே இருப்பவருக்கு அது ஒரு பாதையில் போவதாகத் தெரியும். தெற்கே இருப்பவருக்குச் சற்றே தள்ளிய வேறு பாதையில் தெரியும். பாதையின் நீளம் மாறினால் கடக்கும் நேரமும் சில நிமிடங்கள் மாறும். அந்த வித்தியாசத்திலிருந்து சூரியனின் தொலைவைக் கண்டுபிடித்துவிடலாம். இந்த வழியை 1716-ல் விரிவாக எழுதி வைத்தவர், வால் நட்சத்திரத்தால் நமக்குத் தெரிந்த எட்மண்ட் ஹாலி.

இதில் ஒரு சிக்கல். வெள்ளிக் கடப்பு நினைத்தபோது நடக்காது. எட்டு ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை வரும். பிறகு நூறு ஆண்டுகளுக்கு மேல் எட்டிப் பார்க்காது. ஹாலி எழுதியபோது அவருக்கு 60 வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அடுத்த கடப்பு 1761-ல். தன்னால் பார்க்க முடியாது என்று தெரிந்தே, வரப்போகும் தலைமுறைக்கு வேலையை ஒப்படைத்துவிட்டுப் போனார் மனிதர். 1742-ல் இறந்தார்.

அதற்கு முன் வெள்ளிக் கடப்பைக் கணித்து, காத்திருந்து பார்த்தவர்கள் என்று பதிவில் இருப்பது இரண்டே பேர்தான். இங்கிலாந்தில் 20 வயதை ஒட்டிய ஜெரமையா ஹாரக்ஸ் என்ற இளைஞரும், அவருடைய நண்பர் வில்லியம் கிராப்ட்ரீயும். 1639-ல் கெப்ளரின் கணக்கில் விட்டுப்போன ஒரு கடப்பை ஹாரக்ஸ் கண்டுபிடித்தார். தொலைநோக்கி வழியே சூரியனின் பிம்பத்தைக் காகிதத்தில் விழவைத்து, அஸ்தமனத்துக்கு முன் அரை மணி நேரம் பார்த்தார். வேறோர் ஊரில் இருந்த கிராப்ட்ரீ, மேகம் விலகி அந்தப் பொட்டைக் கண்டதும் மெய்மறந்து நின்றுவிட்டார். அளக்கவே மறந்துபோனார். விஞ்ஞான வரலாற்றில் இவ்வளவு மனிதத்தனமான தவறு குறைவு.

நடுக்கடலில் ஒரு தெளிந்த வானம்

1761-க்காக உலகமே தயாரானது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சைபீரியா முதல் தென்னாப்பிரிக்கா வரை தொலைநோக்கிகளோடு கிளம்பினார்கள். பல நாடுகள் சேர்ந்து ஒரே அளவீட்டுக்காக ஆட்களை அனுப்பியது அநேகமாக அதுதான் முதல் முறை. அதே நேரத்தில் அந்த நாடுகள் ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டும் இருந்தன. பிரிட்டனுக்கும் பிரான்ஸுக்கும் நடந்த ஏழாண்டுப் போரில், மேசன், டிக்சன் என்ற இரு ஆங்கிலேயர்கள் போன கப்பலைப் பிரெஞ்சுப் போர்க்கப்பல் தாக்கி 11 பேரைக் கொன்றது. சுமத்ராவுக்குப் போக வேண்டிய அவர்கள் நன்னம்பிக்கை முனையோடு நின்றுகொண்டார்கள்.

லெ ஜான்திக்கு ஒதுக்கப்பட்ட ஊர் புதுச்சேரி. 1760 மார்ச் 26 அன்று பிரான்ஸின் பிரெஸ்ட் துறைமுகத்தில் கப்பல் ஏறினார். ஜூலையில் மொரீஷியஸ் வந்தார். அங்கே வயிற்றுக்கடுப்பு. போரால் இந்தியாவுக்குக் கப்பலும் இல்லை. ஒருவழியாக மறு ஆண்டு மார்ச்சில் ஒரு கப்பல் கிடைத்தது. மே மாதம் மலபார் கரையை ஒட்டி வந்தபோது செய்தி தெரிந்தது. புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்துவிட்டது. ஜனவரியிலேயே. கேப்டன் கப்பலை மொரீஷியஸுக்கே திருப்பிவிட்டார்.

1761 ஜூன் 6. நடுக்கடல். வானத்தில் ஒரு மேகமில்லை. லெ ஜான்தி வெள்ளிக் கடப்பைக் கண்ணாரக் கண்டார். ஆனால், ஒன்றுக்கும் உதவவில்லை. ஆடும் கப்பலில் ஊசல் கடிகாரம் ஓடாது. கப்பல் நிற்கும் இடத்தின் தீர்க்கரேகையும் சரியாகத் தெரியாது. எங்கிருந்து பார்த்தோம், எந்த நொடியில் பார்த்தோம் என்ற இரண்டும் இல்லாவிட்டால் அது வெறும் வேடிக்கைதான்.

மற்றவர்கள் எடுத்த அளவுகளும் திருப்தியாக இல்லை. சூரியனின் விளிம்பைத் தொடும் நேரத்தில் பொட்டு, சொட்டப்போகும் மைத்துளிபோல் நீண்டு ஒட்டிக்கொண்டது. எந்த நொடியில் தொட்டது என்று பக்கத்தில் பக்கத்தில் நின்றவர்களே ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். விளைவு, சூரியனின் தொலைவு 12 கோடி கிலோமீட்டரிலிருந்து 16 கோடி வரை பல விடைகள். இன்னொரு முறை பார்த்தாக வேண்டும். அது 1769-ல்.

ஊருக்குத் திரும்பியிருக்கலாம். லெ ஜான்தி எட்டு ஆண்டுகள் இங்கேயே இருப்பதென்று முடிவு செய்தார். மடகாஸ்கரின் கிழக்குக் கரையை வரைபடமாக்கினார். காற்றுகளையும் கடல்களையும் பற்றி எழுதினார். கடப்பைப் பார்க்க மணிலா நல்ல இடம் என்று கணக்கிட்டு 1766-ல் அங்கே போனார். அங்கிருந்த ஸ்பானிய ஆளுநர் இவரைச் சந்தேகத்தோடு பார்த்தார். அதற்குள் சமாதான ஒப்பந்தப்படி புதுச்சேரி மறுபடி பிரான்ஸ் வசம் வந்திருந்தது. 1768 மார்ச் 27 அன்று அவர் புதுச்சேரியில் வந்து இறங்கினார். ஆளுநர் வரவேற்று, நோக்குக்கூடம் கட்டிக்கொடுத்தார். சென்னையிலிருந்த ஆங்கிலேயர்கள் ஒரு நல்ல தொலைநோக்கியை இரவல் அனுப்பினார்கள். ஊரை இடித்தவர்களும் அவர்களே, தொலைநோக்கி தந்தவர்களும் அவர்களே.

தரையில் பரப்பிய சோழிகள்

கடப்புக்கு ஓராண்டுக்கு மேல் இருந்தது. சும்மா இருக்கத் தெரியாத மனிதர். இங்குள்ளவர்கள் கிரகணத்தை எப்படிக் கணிக்கிறார்கள் என்று அறிய ஒரு தமிழரிடம் பாடம் கேட்கத் தொடங்கினார்.

அவர் கண்ட காட்சி வினோதமாக இருந்தது. காகிதம் இல்லை, பேனா இல்லை. கணிப்பவர் தரையில் உட்கார்ந்து சோழிகளைப் பரப்புகிறார். அவற்றை நகர்த்துகிறார், கூட்டுகிறார், எடுக்கிறார். வாய் எதையோ முணுமுணுக்கிறது. முணுமுணுப்பது மந்திரம் இல்லை, அட்டவணை. ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் என்று வைத்து, கிரக நிலைகளைச் சிறு சிறு வாக்கியங்களாக மாற்றி மனப்பாடம் செய்திருந்தார்கள். சந்திரனுக்கு மட்டும் 248 வாக்கியங்கள், நாளைக்கு ஒன்று. காரணம் இல்லாத எண் இல்லை அது. சந்திரன் பூமிக்கு மிக அருகே வந்து, விலகி, மறுபடி அருகே வருவது ஒன்பது முறை நடக்க 248 நாள் ஆகும். இன்றும் கோயில்களிலும் வீடுகளிலும் புழங்கும் ‘வாக்கியப் பஞ்சாங்கம்’ பெயர் பெற்றது இதனால்தான்.

1765 ஆகஸ்ட் 30 அன்று நடந்து முடிந்த ஒரு சந்திர கிரகணத்தை வைத்து இந்த முறையை லெ ஜான்தி சோதித்தார். கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதில் சோழிக் கணக்கு 41 விநாடி குறைவாகச் சொன்னது. அந்தக் காலத்தில் ஐரோப்பாவின் பெருமையாக இருந்த டோபியாஸ் மேயரின் அட்டவணை 68 விநாடி கூடுதலாகச் சொன்னது.

இந்த வரியைப் படித்ததும் நிமிர்ந்து உட்காரத் தோன்றும். முழுக்கதையையும் சொல்லிவிட வேண்டும். 1825-ல் ஜான் வாரன் என்பவர் இதே புதுச்சேரி வட்டாரத்தில் ஒரு பஞ்சாங்கக் கணிதரை இன்னொரு சந்திர கிரகணத்தைக் கணிக்கச் சொன்னார். பின்னாளில் அறிஞர் நோய்கபவர் அதைச் சரிபார்த்தபோது, தொடக்கத்தில் பிழை 4 நிமிடம்தான். முடிவில் 52 நிமிடம். அந்தக் கணிதருக்கு விதிகள் தலைகீழ்ப் பாடம். அவை ஏன் பலிக்கின்றன என்பது மட்டும் தெரியாது என்று வாரன் எழுதினார். எங்கோ, எப்போதோ யாரோ ஆழ்ந்து யோசித்துக் கண்ட வானியல், தலைமுறைகளைத் தாண்டி நினைவின் வடிவில் மட்டும் வந்து சேர்ந்திருந்தது. அப்படியும் சேர்ந்தது என்பதே பெரிய விஷயம்.

ஆக, அந்த ஓராண்டில் புதுச்சேரியில் இரண்டு வானியல்கள் நேருக்கு நேர் உட்கார்ந்திருந்தன. ஒன்றுக்கு ‘எப்போது’ என்பது விரல் நுனியில். மற்றது ‘எவ்வளவு தூரம்’ என்று கேட்டுக் கடல் கடந்து வந்திருந்தது.

ஏழு மணிக்குச் சற்று முன்

ஜூன் 4, ஞாயிற்றுக்கிழமை. புதுச்சேரியில் முழுக் கடப்பும் தெரியாது. இரவிலேயே தொடங்கிவிடும். சூரியன் உதிக்கும்போது பொட்டு அதன்மேல் இருக்கும். உதித்து ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரத்தில், ஏழு மணிக்குச் சற்று முன், வெளியேறிவிடும். கையில் இருந்தது அந்த ஒன்றேகால் மணி நேரம்தான்.

இரண்டு மணிக்குப் பார்த்த மேகம் கலையவில்லை. ஐந்து மணி வாக்கில் காற்று பலமாக அடித்தது. அடிக்கிற காற்றில் மேகம் போய்விடும் என்று ஒரு நப்பாசை. போகவில்லை. சூரியன் எழுந்த இடம்கூடத் தெரியவில்லை. ஏழு மணி தாண்டியது. வெள்ளி போய்விட்டது.

அதன்பின் மேகம் விலகியது. நாள் முழுக்க வெயில் சுட்டெரித்தது.

இரண்டு வாரம் அவரால் பேனாவைத் தொட முடியவில்லை. நாட்குறிப்பு எழுத உட்கார்ந்தால் கை நழுவியது. பிற்பாடு இன்னொரு செய்தி வந்தது. விட்டுவிட்டு வந்த மணிலாவில் அன்று காலை வானம் பளிச்சென்று இருந்ததாம்.

வேறு இடங்களில் பார்த்தவர்கள் பார்த்தார்கள். பசிபிக் கடலின் தஹிதி தீவில் கேப்டன் குக் குழு, நார்வேயின் வட கோடியில் பாதிரியார் மாக்சிமிலியன் ஹெல். மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியாவில் ஷாப் என்ற பிரெஞ்சுக்காரர் வந்திறங்கியபோதே ஊரில் கொள்ளைநோய். தப்பிப் போகாமல் தங்கிக் கடப்பை அளந்தார். இரண்டு மாதத்துக்குள் அவரும் குழுவினர் பலரும் இறந்தார்கள். அவருடைய குறிப்புகள் மட்டும் பாரிஸ் போய்ச் சேர்ந்தன.

இந்தக் குறிப்புகளையெல்லாம் சேர்த்து ஆக்ஸ்ஃபோர்டின் தாமஸ் ஹார்ன்ஸ்பி 1771-ல் விடை கண்டார். சூரியன் 9,37,26,900 மைல் தொலைவில் இருக்கிறது. ஏறத்தாழ 15.08 கோடி கிலோமீட்டர். இன்று நமக்குத் தெரிந்த அளவோடு ஒப்பிட்டால் நூற்றுக்கு ஒன்றுகூடப் பிசகவில்லை. வீட்டு பிளானில் ஒரு சுவரின் நீளம் எழுதப்பட்டுவிட்டது. சனி எவ்வளவு தூரம், வியாழன் எவ்வளவு பெரியது என்று மற்ற எல்லாமே அதிலிருந்து கிடைத்தன.

1961-ல் வெள்ளிக்கு ரேடார் அலைகளை அனுப்பி, அவை திரும்பிவரும் நேரத்தை வைத்தே தூரத்தை அளந்துவிட்டார்கள். 2012-ல் சர்வதேச வானியல் ஒன்றியம் 14,95,97,870.7 கிலோமீட்டர் என்று ‘வானியல் அலகை’ வரையறுத்து முடித்தது. இப்போது தொலைதூர நட்சத்திரங்களைச் சுற்றும் கிரகங்களைத் தேடும்போதும், நட்சத்திரத்தின் குறுக்கே ஒரு பொட்டு கடக்கும்போது ஒளி இம்மியளவு மங்குகிறதா என்றுதான் பார்க்கிறார்கள். கெப்ளர் விண்வெளித் தொலைநோக்கி 2,600-க்கும் மேற்பட்ட கிரகங்களைப் பிடித்தது அப்படித்தான்.

செத்துப்போனவர் திரும்பி வந்தார்

லெ ஜான்தியின் கஷ்டம் மேகத்தோடு முடியவில்லை. காய்ச்சலில் படுத்தார். 1770-ல் மொரீஷியஸ் போனார். அங்கிருந்து கிளம்பிய கப்பல் புயலில் சிக்கித் திரும்பியது. கடைசியில் ஒரு ஸ்பானியக் கப்பலில் காதிஸ் துறைமுகம் போய், பிரனீஸ் மலையைத் தரைவழியே தாண்டி, 1771 அக்டோபர் 8 அன்று பிரான்ஸ் மண்ணை மிதித்தார். 11 ஆண்டுகள், 6 மாதம், 13 நாள் என்று அவரே கணக்குச் சொல்கிறார்.

ஊரில் அவர் இறந்துவிட்டதாக முடிவு கட்டியிருந்தார்கள். உறவினர்கள் சொத்தைப் பிரித்துக்கொள்ளத் தயாராக இருந்தார்கள். அறிவியல் கழகத்தில் அவருடைய இடம் வேறொருவருக்குப் போயிருந்தது. உயிரோடு இருப்பதை நிரூபிக்க நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது. அவர் மனைவி வேறு திருமணம் செய்துகொண்டதாகச் சிலர் எழுதுவார்கள். அது கட்டுக்கதை. கிளம்பும்போது அவருக்குத் திருமணமே ஆகவில்லை. திரும்பிய பிறகுதான் மணம் முடித்தார், ஒரு மகள் பிறந்தாள். மன்னர் தலையிட்டுக் கழகத்தில் இடம் திரும்பக் கிடைத்தது. 1779-லும் 1781-லும் இரண்டு தொகுதிகளாகப் பயண நூலை வெளியிட்டார். வெள்ளியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லாத அந்த நூலில், தமிழரின் சோழிக் கணக்கு விரிவாக இடம்பெற்றது. ஐரோப்பிய அறிஞர்கள் இந்திய வானியலைத் தேடிப் படிக்க அதுவும் ஒரு காரணமானது. 1792-ல் பாரிஸில் காலமானார். நிலவின் தென்முனைப் பக்கம், பூமியிலிருந்து பார்க்கச் சிரமமான விளிம்பில் உள்ள ஒரு பள்ளத்துக்கு அவர் பெயர்.

அடுத்த வெள்ளிக் கடப்பு 1874 டிசம்பரில் வந்தது. அப்போது சென்னை நுங்கம்பாக்கம் வான் ஆய்வகத்தில் சிந்தாமணி ரகுநாதாச்சாரி என்பவர் பணியில் இருந்தார். ஒளி கூடிக் குறையும் நட்சத்திரம் ஒன்றை 1867-ல் கண்டறிந்தவர். பஞ்சாங்கக் கணக்கு வானத்தில் காண்பதோடு ஒத்துப்போக வேண்டும் என்று வாதாடியவர். கடப்பு என்றால் என்ன என்று விளக்கிச் சிறு நூலும் எழுதினார். அதைச் சாதாரண மக்களும் படிக்க வேண்டும் என்று இந்திய மொழிகளிலும் கொண்டுவந்தார். சோழிக் கணக்கும் தொலைநோக்கியும் ஒரே ஆளிடம் வந்து சேர்ந்திருந்தன.

கடைசியாக 2012 ஜூன் 6 அன்று, லெ ஜான்தி எதிர்பார்த்த அதே காட்சி புதுச்சேரிக்கு வந்தது. சூரியன் பொட்டோடு உதித்தது. பத்தரை மணிக்குள் பொட்டு இறங்கிப் போனது.

இனி 2117 டிசம்பர் 11. அன்றும் தமிழகத்தில் சூரியன் உதிக்கும்போதே வெள்ளி அதன்மேல் ஏறியிருக்கும். பதினொரு மணி வாக்கில் வெளியேறும். இப்போது தொட்டிலில் இருக்கும் குழந்தைகளில் நூறைத் தொடக்கூடிய யாராவது பார்க்கலாம். ஒரே ஒரு சங்கடம், டிசம்பர் நம் கரையில் வடகிழக்குப் பருவமழைக் காலம்.